மழைக்காலத்தில் கட்டுமான மனை: சேறு தெரியும் இடமும் பிழை இருக்கும் இடமும்

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது, அஸ்திவாரக் குழி திறந்தபடி கிடக்கும் மனைகள் சென்னையிலும் அதன் புறநகரிலும் ஒவ்வோர் ஆண்டும் இருக்கத்தான் செய்கின்றன. அனுமதி கைக்கு வந்த தேதி, வங்கித் தவணை, ஆள் கிடைக்கும் காலம், பூமி பூஜைக்குக் குறித்த நாள் என்று ஏதோ ஒரு காரணத்தால் மண்வேலை மழைக்குள் விழுந்துவிடுகிறது. அப்படிப்பட்ட மனையில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளைக் கொண்டு, கோளாறு எங்கே இருக்கிறது, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதைக் கண்டறிவதற்கான வழிமுறை இது. தனி வீடு கட்டும் ஒரு கிரவுண்டு மனையிலிருந்து சில ஏக்கர் பரப்புள்ள அடுக்குமாடி வளாகம் வரைக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன்.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான ஒரு பழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேறு தேங்கி நிற்கும் இடத்தைப் பார்த்ததும் அங்கேயே மண்வெட்டியை எடுப்பதுதான் நம் இயல்பு. அதற்கு முன், அந்த நீர் வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டை நோக்கி எதிர்த்திசையில் நடந்து பாருங்கள். பத்தில் எட்டு முறை பிழை அந்தத் தடத்தின் மேல்முனையில் இருக்கும்; பல நேரங்களில் அது உங்கள் மனைக்கு வெளியே, தெருவிலோ பக்கத்துக் காலிமனையிலோ கூட இருக்கும். இந்த நடையை மழை பெய்துகொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும். மழை விட்டபின் தெரிவது நீர் விட்டுச்சென்ற கறை மட்டுமே.

நீரின் அளவைப் பற்றியும் ஒரு கணக்கு மனத்தில் இருக்கட்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு ஏறத்தாழ 223 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மனையின்மேல் மட்டும் 22,300 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு கொண்டுவரும் அளவுக்குச் சற்றே குறைவான நீர், விழுகிறது. ஓர் ஏக்கர் என்றால் 4 லட்சம் லிட்டர். 10 சென்டிமீட்டர் என்பது சென்னையின் பருவமழைக்கு அரிய அளவன்று. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று.

முதலில் ஒரு பாட்டில் சோதனை

மனையைவிட்டு வெளியேறும் கலங்கல் நீரை ஒரு தெளிந்த தண்ணீர் பாட்டிலில் பிடித்து, ஆடாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். கால் மணி நேரத்துக்குள் படிவது வண்டல். அடுத்த நாள் காலையிலும் நீர் தேநீர் நிறத்தில் நின்றால் அது களிமண். 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 2 நிமிடமும், 0.02 மில்லிமீட்டர் வண்டல் துகள் முக்கால் மணி நேரமும் எடுக்கும்போது, 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கு மூன்று நாள் வேண்டும். மணல் நிறைந்த கடலோர மனையில் வேலை செய்யும் வண்டல் தடுப்புத் துணி (நீரை வடியவிட்டு மண்ணை நிறுத்தும் துணி வேலி), வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் ஏன் தோற்கிறது என்பதற்கு விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது. பாட்டிலில் படியாத மண்ணை எந்தத் துணியும் பிடித்துவைக்காது. அதை இடத்தைவிட்டுப் பெயராமல் காப்பதே முதல் வழி.

அறிகுறி: வாயிலுக்கு வெளியே சாலையில் செம்மண் தடம்

டிப்பர் லாரியின் சக்கரம் மண்ணைச் சாலைக்குக் கொண்டுபோகிறது; அடுத்த மழை அதைத் தெருவின் மழைநீர் வடிகாலுக்குள் தள்ளுகிறது. வாயிலில் நிரப்பியிருப்பது கிராவலா என்று முதலில் பாருங்கள். கிராவல் காய்ந்திருக்கும்போது கெட்டியாகவும், நனைந்தால் தானே சேறாகவும் மாறும் பொருள். அங்கே வேண்டியது 40 முதல் 75 மில்லிமீட்டர் வரையிலான கருங்கல் ஜல்லி, 15 சென்டிமீட்டர் கனத்துக்கு, இயன்றால் 15 மீட்டர் நீளத்துக்கு. அதற்கு அடியில், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்காவிட்டால் இரண்டே வாரத்தில் ஜல்லி களிமண்ணுக்குள் அமுங்கிக் காணாமல்போய்விடும். ஒரு கிரவுண்டு மனையில் 15 மீட்டருக்கு இடம் இருக்காது. அங்கே லாரியை உள்ளே விடாமல், வாயில் ஓரத்தில் நிறுத்தி இறக்கிக்கொள்வதே நல்லது.

சாலையில் ஏற்கெனவே படிந்த மண்ணைக் குழாய் வைத்துக் கழுவித் தள்ளுவது தவறு. அன்று மாலையே காய்ந்த நிலையில் கூட்டி அள்ளி, மனைக்குள்ளே போட வேண்டும்.

அறிகுறி: தெரு வடிகாலில் எம்-சாண்டும் வெண்ணிறச் சிமெண்டுப் பாலும்

இதற்கு நெடிய ஆராய்ச்சி தேவையில்லை. மனைக்குள் இடமில்லை என்று தெருவோரத்தில் கொட்டிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) குவியல், வடிகாலின் வாய்க்கு நேர் மேலே கிடக்கும். குவியலை நகர்த்த முடியாவிட்டால், அதன் அடியைச் சுற்றி மணல் மூட்டைகளை ஒரு வரிசை அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தி, தார்ப்பாயின் விளிம்பை மூட்டைகளுக்கு வெளியே தொங்கும்படி கட்டுங்கள். விளிம்பு உட்பக்கமாக மடிந்திருந்தால், தார்ப்பாயில் விழும் மழை முழுவதும் குவியலின் அடியை அறுக்கும். போர்த்தாமல் விட்டதைவிடக் கேடாக முடியும்.

சிமெண்டுப் பால் வேறு வகைச் சிக்கல். கான்கிரீட் கலவை இயந்திரத்தையும் பம்ப் குழாயையும் கழுவிய நீர் கடுங்காரத் தன்மை கொண்டது, தோலை அரிக்கும், வடிகாலுக்குள் போனால் அடியில் கல்லாக இறுகிவிடும். பிறகு தூர்வாருவதற்கு மண்வெட்டி போதாது, கடப்பாரைதான் வேண்டும். மனையின் ஒரு மூலையில் தார்ப்பாய் விரித்த சிறு குழி தோண்டி அங்கே மட்டும் கழுவச் சொல்லுங்கள். இறுகிய கட்டியை உடைத்து இடிபாட்டுக் கழிவோடு அனுப்பிவிடலாம்.

அறிகுறி: சரிவில் விரல் கனத்துக் கீறல்கள், பிறகு வாய்க்கால்கள்

வெட்டிக் குவித்த மண்மேட்டிலோ நிரவிய சரிவிலோ முதல் மழைக்குப் பிறகு கீறல்கள் தோன்றுவது இயல்பு. அவை எங்கே தொடங்குகின்றன என்பதே நோயைக் கண்டறியும் இடம். சரிவின் உச்சி விளிம்பிலேயே கீறல் தொடங்கினால், சரிவுக்கு அப்பாலிருந்து நீர் வந்து விழுகிறது என்று பொருள். உச்சிக்குச் சில அடி மேலே, சரிவுக்குக் குறுக்காக ஒரு தடுப்பு வாய்க்காலும், அதில் எடுத்த மண்ணால் கீழ்ப்பக்கம் ஒரு சிறு வரப்பும் போட்டு, நீரை ஓரமாகத் திருப்பிக் கல் பாவிய இறக்கத்தின் வழியே கீழே கொண்டுவர வேண்டும். கீறல் சரிவின் நடுவில் தொடங்கினால், சரிவு தன்மேல் விழும் மழையையே தாங்க முடியாத அளவுக்கு நீளமாக இருக்கிறது. அதை இடையில் ஒரு படியாக வெட்டி உடைக்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆழமான வாய்க்கால் இருந்து மற்ற இடம் நன்றாக இருந்தால், மேலே எங்கோ ஒரு குழாயோ வரப்பின் உடைப்போ நீரைக் குவித்து அனுப்புகிறது.

ஜேசிபி ஓட்டுநர்கள் வேலை முடியும்போது வாளியின் முதுகால் சரிவைத் தேய்த்து வழவழவென்று விட்டுவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், மேஸ்திரியும் மகிழ்வார். ஆனால் வழுவழுப்பான சரிவில் நீர் தடையின்றி வேகம் எடுக்கிறது. சங்கிலிச் சக்கரம் கொண்ட இயந்திரம் இருந்தால் அதைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்டச் சொல்லுங்கள். அப்போது பற்களின் தடம் சரிவுக்குக் குறுக்கே சிறு சிறு வரப்புகளாக விழுந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நீர் தங்கும். பக்கவாட்டில் ஓட்டினால் அதே தடம் மேலிருந்து கீழாக விழுந்து கீறலுக்கு வழி திறந்துவிடும்.

இதற்குமேல் வேண்டியது போர்வை. மழைத்துளி வெற்று மண்ணில் மோதும்போது துகளைப் பெயர்த்தெடுக்கிறது. ஓடும் நீர் அதைச் சுமந்துபோகிறது. துளி மண்ணைத் தொடாமல் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு வாரத்துக்குள் மறுபடி கை வைக்கப்போகும் இடத்துக்குத் தார்ப்பாய் போதும். பருவம் முழுவதும் கிடக்கப்போகும் சரிவுக்கு வைக்கோலைப் பரப்பி அதன்மேல் தென்னைநார் வலையை விரித்து முளையடிக்கலாம். வலை மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், தொட்டிலைப்போலத் தொங்கினால் நீர் அதன் அடியில் ஓடும். நிலையான சரிவென்றால் வலையின் ஊடே வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்கே நெருக்கமான வரிசைகளாக நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக இறங்குவதால் மண்ணைத் தைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். ஆனால் செப்டம்பருக்குள் நட்டால்தான் மழைக்கு முன் வேரூன்றும். அடைமழையில் நட்டது மண்ணோடு போய்விடும்.

அறிகுறி: தடுப்புத் துணி சாய்ந்துவிட்டது, அல்லது அடியில் நீர் புகுந்து ஓடுகிறது

முதலில், அது உண்மையிலேயே வண்டல் தடுப்புத் துணிதானா? நம் மனைகளில் பெரும்பாலும் கட்டப்படுவது பச்சை நிழல்வலை. அது தூசிக்கும் மறைப்புக்கும் பயன்படும், மண்ணை நிறுத்தாது.

சரியான துணியாக இருந்தும் தோற்றால், நான்கு இடங்களைப் பாருங்கள். துணியின் அடி 15 சென்டிமீட்டர் ஆழக் காடியில் புதைக்கப்பட்டு, மண் நிரப்பித் திமிசு போடப்பட்டிருக்க வேண்டும். மேலே கல்லை வைத்து அழுத்தியது கணக்கில் வராது. சவுக்குக் கட்டைகள் நீர் வரும் பக்கத்தில் அல்லாமல் தாழ்வான பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் நீரின் அழுத்தம் துணியைக் கட்டையின்மேல் சாய்க்கும். துணி ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். மேடுபள்ளமாகப் போனால் நீர் முழுவதும் பள்ளத்துக்குச் சேர்ந்து அங்கே உடைக்கும். இரு முனைகளும் மேட்டை நோக்கி வளைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் முனையைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

நான்கும் சரியாக இருந்தும் சாய்ந்தால், தாங்க முடியாத பரப்பின் நீரை அதன் தலையில் கட்டியிருக்கிறீர்கள். 100 அடித் துணிக்குக் கால் ஏக்கருக்குமேல் நீர் வரக் கூடாது. வாய்க்காலின் குறுக்கே துணியைக் கட்டுவது எப்போதும் தோற்கும். ஓடும் நீருக்கு வேண்டியது கல் தடுப்பு. ஓரங்களைவிட நடுப்பகுதி தாழ்வாக இருக்கும்படி கல்லை அடுக்கினால் நீர் நடுவில் வழியும், கரைகளை அரிக்காது. மேல் தடுப்பின் அடிமட்டமும் கீழ்த் தடுப்பின் உச்சிமட்டமும் ஒன்றாக வரும்படி இடைவெளி விடுங்கள். துணியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வண்டல் சேர்ந்ததும் அள்ளிவிட வேண்டும் என்பதையும் மேஸ்திரியிடம் சொல்லிவையுங்கள்.

அறிகுறி: வண்டல் குட்டை இருந்தும் வெளியேறும் நீர் கலங்கல்

கலங்கல் நீரைத் தேக்கி மண்ணைப் படியவைக்கும் குட்டை பெரிய மனைகளில்தான் இருக்கும். உள்வாயும் வெளிவாயும் அருகருகே இருந்தால் நீர் குறுக்குவழியில் வெளியேறிவிடும். குட்டையின் மற்றப் பகுதி வெறும் அலங்காரம். நடுவில் தென்னைநார் வலையாலோ சாக்காலோ குறுக்குத் திரைகளைக் கட்டி நீரின் ஓட்டத்தை நீட்டுங்கள். வெளியேற்றும் குழாயின் வாய் அடியில் இருந்தால் சேறுதான் முதலில் வெளியேறும். மிதவையில் கட்டிய வளையும் குழாயால் மேல்மட்ட நீரை மட்டும் எடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கலங்கல் நின்றால், பாட்டில் சோதனை சொன்ன களிமண்தான் காரணம். நம் வீடுகளில் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கிய நீரைத் தெளியவைத்தார்களே, அதே கொள்கையில் படிகாரம் வேலை செய்கிறது: நுண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னேற்றத்தை நடுநிலைப்படுத்தி, அவற்றைத் திரளச் செய்து அமிழ்த்துகிறது. ஐந்து பாட்டில்களில் வெவ்வேறு அளவு கரைசலைச் சேர்த்துக் கலக்கி, தெளிவைத் தரும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்தபின்பே குட்டையில் இடுங்கள். அதிகமானால் நீர் அமிலமாகும். ஏரியிலோ கால்வாயிலோ மீன் சாகும்.

குட்டைக்குக் கலிங்கு, அதாவது மிகை நீர் வழியும் இடம், இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கலிங்கு இல்லாமல் கட்டிய ஏரியைத் தமிழ்நாட்டில் காட்ட முடியாது. ஆனால் கட்டுமான மனைகளில் கரையை உயர்த்திவிட்டு, மிகை நீர் வழிய இடம் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். கரையில் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல் பாவுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2022 ஆம் ஆண்டுக் கட்டுமான அனுமதி விதிகள், குட்டைக்கு நீர் தரும் ஒவ்வோர் ஏக்கருக்கும் 3,600 கன அடி கொள்ளளவைக் குறிப்பிடுகின்றன. அது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். 10 சென்டிமீட்டர் மழை தரும் நீரில் கால் பங்கு. அந்த அளவு குட்டையே இருந்தாலும் நம் அடைமழையில் அது நிரம்பி வழியும் என்று வைத்துக்கொண்டுதான் மேட்டிலுள்ள வெற்று மண்ணைப் போர்த்திவைக்க வேண்டும்.

அறிகுறி: குழிக்குள் ஊற்று, பக்கச் சுவரில் விரிசல்

இந்த ஒன்றில் மட்டும் வரிசையை மாற்றுகிறேன்: முதலில் ஆட்களை வெளியே எடுங்கள், பிறகு காரணத்தைத் தேடுங்கள். குழியின் விளிம்புக்கு இணையாகத் தரையில் விரிசல் தெரிந்தால் அந்தப் பகுதி மண் ஏற்கெனவே பிரிந்துவிட்டது. விரிசலுக்குள் ஒரு மீட்டர் ஆழம் நீர் நின்றால், அதன் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பக்கவாட்டு அழுத்தம் மண்ணைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் ஆழமான ஒரு கட்டுமானக் குழியின் ஓரம் சரிந்து இருவர் இறந்தனர்; நீரை இறைத்து உடல்களை மீட்கவே நாட்கள் ஆயின.

விளிம்பில் இருக்கும் சுமையை இயந்திரத்தோடு ஓரத்துக்குப் போகாமல் குறையுங்கள். வெட்டிய மண் விளிம்பிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் அல்லது குழியின் ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். கம்பிக் கட்டும், செங்கல் அடுக்கும், ஆட்கள் தங்கும் கொட்டகையும் அதற்கு அப்பால்தான். ஆள் அங்கே நிற்பது பாதுகாப்பானது என்று பொறியாளர் உறுதிசெய்தபின் விரிசலைக் களிமண்ணால் அடைத்து, தார்ப்பாய் விரித்து, மழை நீர் விளிம்பை நோக்கி வராதபடி வரப்பு கட்டுங்கள். 1.5 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் பக்கங்களைத் தாங்கும் ஷோரிங் இல்லையென்றால், மழைக்காலத்தில் அந்தக் குழியில் வேலையைத் தொடர வேண்டாம் என்பதே என் கருத்து.

ஊற்றைப் பார்க்கும்போது நீரின் அளவைவிட நிறம் முக்கியம். தெளிந்த நீர் கசிந்தால் அச்சம் குறைவு. கலங்கலாகவோ, மணலைக் கொப்பளித்துக்கொண்டோ வந்தால், நிலத்தடி மண் உள்ளிருந்து கழன்று வருகிறது. எங்கோ ஒரு பொந்து உருவாகிறது, பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் அடியிலாகவும் இருக்கலாம். அந்த ஊற்றைச் சாக்கால் அடைக்காதீர்கள். வேறொரு பலவீனமான இடத்தில் உடைத்துக்கொண்டு வரும். அதன்மேல் முதலில் பருமணல், பிறகு சிறு ஜல்லி, அதற்குமேல் பெரிய ஜல்லி என்று அடுக்கினால் நீர் வெளியேறும், மண் தங்கும். பம்பை நிறுத்தாமல் ஓட்டிக் குழியை ஒரே நாளில் உலர்த்த முயல்வது இந்தக் கொப்பளிப்பை மிகுதிப்படுத்தும்.

பம்பின் உறிஞ்சுகுழாயைச் சேற்றில் போடாமல், துளையிட்ட பிளாஸ்டிக் பீப்பாயைச் சிறு குழியில் இறக்கிச் சுற்றிலும் 20 மில்லிமீட்டர் ஜல்லி நிரப்பி, அதற்குள் வையுங்கள். இறைத்த நீரைத் தெருக் கழிவுநீர் மேன்ஹோலில் விடுவது பரவலான வழக்கம். அடுத்த தெருவில் கழிவுநீர் வீடுகளுக்குள் எதிர்த்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு தொட்டிகளில் மாற்றி மாற்றித் தெளியவைத்து மழைநீர் வடிகாலில் விடுங்கள்.

அறிகுறி: தாங்குசுவர் வயிறு தள்ளுகிறது

சுவரின் வடிதுளைகளைப் பாருங்கள். நல்ல மழையிலும் அவை உலர்ந்திருந்தால் பின்னால் அடைப்பு. நீர் சுவருக்குப் பின்னே ஏறி நிற்கிறது. துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்ததும் தெளிந்த நீர் வந்தால் நல்லது. சேறு வந்தால் பின்புறம் ஜல்லி நிரப்பாமல் வெட்டுமண்ணையே கொட்டியிருக்கிறார்கள். மழை ஓய்ந்தபின் பின்மண்ணைத் தோண்டி, துணியும் ஜல்லியும் வைத்துத் திரும்ப நிரப்பும்வரை சுவரின் முன்பக்கம் யாரையும் தங்கவிட வேண்டாம்.

அறிகுறி: புதிய மழைநீர் சேகரிப்புக் குழி நீரை உறிஞ்சவில்லை

2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், குழியும் உறையும் ஜல்லியும் வரைபடத்தில் தவறாமல் இருக்கும். குடிபுகும் முன்பே அது நிரம்பி நின்றால், பழி பெரும்பாலும் நிலத்தின்மேல் போடப்படும்: ‘இந்த ஏரியா களிமண் சார், இறங்காது.’ ஒரு கம்பியைச் செருகி மேல் மணலைத் தோண்டிப் பார்த்தால் வேறு கதை தெரியும். பூச்சுவேலையின்போதே மாடியின் வடிகுழாயை அதில் இணைத்திருப்பார்கள். மொட்டைமாடியைக் கழுவிய சிமெண்டுப் பாலும், முற்றத்துச் சேறும் மணலின்மேல் ஒரு மெல்லிய மூடியாக இறுகியிருக்கும். மேலுள்ள மணலை, நிறம் மாறிய ஆழம் வரை, அள்ளி எறிந்துவிட்டுப் புதிய பருமணல் நிரப்புங்கள். பிறகு ஒரு பீப்பாய் நீரை ஊற்றி, இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீர் மறுநாளும் நின்றால்தான் நிலத்தைக் குறைசொல்ல முடியும். ஜல்லியும் அடைந்திருந்தால் முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். கழுவிய நீர் தெருவுக்குப் போகாமல் அதற்கும் ஒரு குழி வேண்டும். இன்னும் கட்டி முடிக்காத மனையில், கடைசி வண்டி மண் வெளியேறி முற்றத்தில் கல் பாவும் வரைக்கும் அந்த வடிகுழாயின் வாயில் ஒரு மூடியைப் போட்டு வையுங்கள்.